டீச்சர் பார்த்துத் தந்த அறை

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், வேலியோரமாக ஒரு அலுமாரி நின்றது. அதன் கண்ணாடியில் முதலில் தெரிந்தது என் முகம்தான். கையில் தகரப் பெட்டி, தோளில் சுருட்டிய பாய். அன்று அந்த வீட்டின் அறையொன்றில் குடியேற வந்தவன் நான். வீட்டுச் சாமான்களோ தெருவுக்கு வந்திருந்தன.

அது இரண்டாம் உலக யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நடந்துபோகும் தூரத்தில் அறை தேடி, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வீடு வீடாகப் படியேறினேன். வசதியான வீடுகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. மற்றவற்றில் உறவுக்காரர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வரும்படி வீட்டிலிருந்து ஐயா சொல்லியனுப்பியிருந்தார். அந்த நிலையில்தான் டீச்சர் கதவைத் திறந்தார். பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்று, கணவர் இறந்தபின் தனியே இருந்தவர். சிரிக்காத மனுஷி. சுருட்டுப் பிடிப்பேனா, எத்தனை மணிக்கு எழும்புவேன் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “திங்கட்கிழமை வாரும். அறை உமக்குத்தான்” என்றார்.

அவர் சொன்னபடி நான் வந்த அந்தத் திங்கட்கிழமை, சிப்பாய்கள் இருவர் அவருடைய கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மரநிழலில் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். வீட்டைப் பட்டாளத்துக்கு விடவேண்டுமென்று முதல்நாள் மாலைதான் உத்தரவு வந்ததாம், மத்தியானத்துக்குள் வெளியேறவேண்டும். பெட்டியைக் கீழே வைத்தேன்.

“தம்பி, பயப்பிடாதையும். கொட்டாஞ்சேனையில என்னட்டைப் படிச்ச பிள்ளை ஒண்டு இருக்கிறா. விடியவே போய்க் கதைச்சிட்டு வந்தனான். உமக்கு அங்க அறை இருக்கு.”

விமானக் குண்டுக்குப் பயந்து துறைமுகத்தை அண்டிய பகுதிகளிலிருந்து பலர் ஊருக்குப் போய்விட்டதால் அங்கே இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் தன் வீடு பறிபோகும் காலையில், ஒருதடவை மட்டுமே பார்த்த மாணவனுக்காக இவர் நகரத்தின் மறுகோடிக்குப் போய்வந்திருக்கிறார் என்பது என் தலைக்குள் ஏறவேயில்லை.

“நீங்கள் எங்க போறியள், டீச்சர்?”

வெளியே வந்துகொண்டிருந்த தையல் மெஷினைப் பார்த்தபடி, “அதை இனித்தான் யோசிக்கவேணும்” என்றார்.

டீச்சர் மறுக்க மறுக்க அவருடைய டிரங்குப் பெட்டியையும் என் பெட்டியோடு ரிக்‌ஷாவில் ஏற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்த பழைய மாணவி இரண்டு பெட்டிகளையும் கண்டு திகைத்தார். நடந்ததை நான் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “காலமை வந்து இந்தத் தம்பிக்கு மட்டும்தானே கேட்டனீங்கள். உங்கட வீடு போறதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேல்லையே” என்றார். அந்த அறை டீச்சருக்கு ஆனது. நான் முன்விறாந்தையில் பாய் விரித்து, பஸ்ஸில் போய்வந்து, பட்டப்படிப்பை முடித்தேன்.

ஊருக்குப் புறப்படும் நாளில், ஏன் அப்படிச் செய்தார் என்று அவரிடம் கேட்டேன். விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லும் குரலில் டீச்சர் சொன்னார்:

“உமக்கு அறை தாறன் எண்டு நான் சொல்லிப்போட்டன். எனக்குத் தாறன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே.”