நாய் இல்லாமல் வந்த பாதிரியார்

பாதிரியார் நாயோடு வந்தால் பயமில்லை, தனியே வந்தால்தான் ஊர் நடுங்கும் என்பார் அந்த அம்மா. நான் குடியேறிய நகரத்தின் கிளென் ஈடன் பகுதியில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஜன்னலோர அறை அவருடையது. இப்போது நான் அதே நகரில் த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். இல்லத்து வேலை போய்விட்டது. அந்த அம்மா ஸ்கொட்லாந்தில், மரமே முளைக்காத ஒரு தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சின்னப் பிள்ளை. தீவின் ஆண்களில் பாதிப்பேர் கப்பலில் இருந்தார்கள். கப்பல் மூழ்கினால் தந்தி பாதிரியாரின் கைக்குத்தான் வரும். அன்று மட்டும் அவர் எப்போதும் கூட வரும் நாயை வீட்டில் கட்டிவிட்டு நடக்கத் தொடங்குவார். தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து, எந்த வீட்டு வாசல் படலையில் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

ஒருநாள் பாதிரியார் இவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார். தாய் கதவைத் தாழிட்டுவிட்டாள். யாரும் வாய்திறந்து சொல்லாதவரை புருஷன் உயிரோடுதான் இருக்கிறான் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். பாதிரியார் மழையில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், கதவு திறக்கவில்லை. அதன்பிறகு ஊரே வாயை மூடிக்கொண்டது. கடையிலும் கோயிலிலும் ஒருத்தரும் அவளிடம் மூச்சு விடவில்லை. அவளோ சாகும்வரை புருஷனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். மகளான இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தகப்பனுக்காக வீட்டில் அழ முடியவில்லை, மாட்டுக் கொட்டிலுக்குள் போய் அழுதேன் என்றார்.

"எனக்கு மட்டும் அப்பிடிச் செய்து போடாதேங்கோ, பிள்ளை," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னது இங்கிலிஷில்தான். எனக்குள் அது எங்கள் தமிழாகவே நிற்கிறது. நானும் தீவுக்காரி, யாழ்ப்பாணத்துக்கு மேற்கே. எங்கள் போரில் கடலுக்குப் போய்த் திரும்பாத பெடியன்களின் தாய்மாரிடம், எங்கேயாவது சிறையில் இருப்பான் என்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் கிழவிகளாக்கியவர்கள் நாங்கள். அதனால் அவரோடு எனக்கு ஒட்டிக்கொண்டது.

அவருக்கு அதே நகரில், வெஸ்ட்கேட்டில் ஒரு மகன். ஞாயிறு தவறாமல் வந்து, தாயின் தலையைத் தானே வாரிவிடுவார். நான் ஒரு கிழமை லீவில் போய்த் திரும்பியபோது மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். மகன் மாரடைப்பில் போய்விட்டாராம், நல்லடக்கமும் முடிந்ததாம். கிழவியிடம் ஒருத்தரும் சொல்லக் கூடாது என்பது இறந்தவரின் சகோதரியின் கண்டிப்பான உத்தரவாம். தாயின் நெஞ்சு தாங்காது என்று அந்தப் பெண் பயந்திருக்கிறாள், பாவம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளைக் கேளாமல் பெற்றவளுக்கு எது நல்லதென்று முடிவு கட்ட இவர்கள் யார்? சொன்னால் வேலை போகும் என்பது தெரியும், வீட்டு மோர்ட்கேஜ் கடனும் என் தலையில்தான். போனால் போகட்டும் என்று அறைக்குள் போனேன்.

கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, மகன் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் அழவில்லை. அலுமாரியிலிருந்த கறுப்புக் கோட்டை எடுத்துத் தரச் சொன்னார். சப்பாத்து எங்கே என்று தேடினார்.

"என்ர மகனை எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

சனிக்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

"என்ர அம்மா தானே உள்ளுக்கு நிண்டு கதவைப் பூட்டினவ," என்றார். "என்னை நீங்கள் எல்லாரும் வெளியில விட்டெல்லோ பூட்டிப்போட்டியள்."

அதற்குள் அவர் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்திருந்தார். கழற்றிவிடப் போனேன், விடவில்லை. மற்றக் கையையும் தானே நுழைத்து, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அன்று முழுவதும் அப்படியே இருந்தார்.