ஈஜிபுரா, முப்பத்தொரு மில்லிமீட்டர்

மழை அளப்பவர்களுக்குப் பொறாமை புதிதல்ல. பெங்களூரு மழை ஆள் பார்த்துப் பெய்யும். நான் குடியிருக்கும் ஈஜிபுராவில் கொடியில் போட்ட துணி மொடமொடவென்று காய்ந்துகொண்டிருக்கும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஜோகுபாளையத்தில் சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடும். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவர்கள் நாற்பது மில்லிமீட்டர் என்று எழுதுவார்கள், நான் சைபர் என்று எழுத வேண்டும். அப்போது வயிறு எரியும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில் மட்டும் சொல்வேன். வீட்டிலும் சிரிப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த பொறாமை வேறு. அது ஒரு மனிதர் மேலும், அவர் வீட்டு அலமாரியில் டிபன் பாக்ஸ் அளவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் மேலும் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

நான் திருவண்ணாமலையிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். சாஃப்ட்வேர் டெஸ்டிங், மற்றவர்கள் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதுதான் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி வாங்கி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மழைமானியைக் கட்டினேன். பிளாஸ்டிக் குடுவை, மேலே புனல், பக்கத்தில் கோடுகள், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரைக்கு அளவைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்த எண்ணை எழுத, உலகமே உபயோகிக்கும் ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் பெங்களூர்த் தமிழர்களுக்காக ஒரு குழு ஆரம்பித்தேன். முதல் வாரம் நான் மட்டும். பிறகு ஒவ்வொருவராக மழைமானி வாங்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். நான்தான் அட்மின். ஆபீசில் லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "சார், சாயங்காலம் மழை வருமா?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. ஆனாலும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

குழுவுக்கு நான் போட்ட விதிகள் இரண்டு. அளவை ஊகித்து எழுதக்கூடாது. ஊருக்குப் போனால் ஒரு நாளும் விட்டுப்போகாமல் பார்த்து எழுத யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் மழைமானியை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கிற கூட்டம் நாங்கள். இந்த இரண்டாம் விதி பிறகு என் காலையே வாரிவிட்டது.

குழுவின் மூன்றாவது உறுப்பினர்தான் ஜோகுபாளையத்துக்காரர். அவர் தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பம். சொந்த வீடு, சொந்த மாடி. பால்காரரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே என்னிடம் தமிழுக்குத் தாவுவார். கட்டட இன்ஜினியர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை குரு என்பார்.

கொஞ்ச காலம் முன்பு அந்தத் தளம் மாற ஆரம்பித்தது. காலையில் எழுதியது காலையில் தெரிவது நின்றுபோயிற்று. எதைப் பலர் விரும்புகிறார்களோ அதைத்தான் முதலில் காட்டுவோம் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. சைபரை யார் விரும்புவார்கள்? நல்ல மழை பெய்த நாளின் பதிவு மட்டும் நான்கைந்து நாள் மேலேயே நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், "ஈஜிபுராவில் கொட்டுகிறது" என்ற வரியைப் பார்த்து என் மனைவி சமையலைப் பாதியில் விட்டுக் காயப்போட்ட துணியை எடுக்க மூன்று மாடி ஏறி ஓடினாள். சுள்ளென்று வெயில். அது வெள்ளிக்கிழமை நானே எழுதிய பதிவு.

"ஏங்க, உங்க குழு எனக்கு மழையும் காட்டல, துணியையும் காயவிடல" என்றாள்.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஓர் இயந்திரம் பதில் அனுப்பியது. அதற்குக் கீழே ஒரு குடை விளம்பரம்.

அப்போதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜோகுபாளையத்துக்காரர் பேச்சை எடுத்தார். "குரு, அவங்க எடத்துல உக்காந்துக்கிட்டு அவங்களையே திட்டி என்ன பிரயோஜனம்? சின்னதா நம்மளே ஒரு சர்வர் வச்சுக்கலாம். இந்த மாதிரி மெட்ராஸ்ல ஒண்ணு, மைசூர்ல ஒண்ணு இருக்கு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். நம்ம சர்வர் பிடிக்கலைன்னா, நம்ம ஆளுங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வேற சர்வருக்குப் போயிடலாம். நீங்களும் நானும் சேர்ந்து பண்ணலாமா?"

என்னைத்தான் முதலில் கேட்டார். இதை நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானோ எல்லார் முன்னாலும் சிரித்தேன். "உங்க வீட்ல கரண்ட் போனா பெங்களூர்ல மழை நின்னுடுமா சார்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டே வாரத்தில் தனியாக ஆரம்பித்துவிட்டார்.

முதலில் அங்கே போனவர் காக்ஸ் டவுன் டீச்சர். சர்ச்சுக்குப் பக்கத்துப் பழைய வீட்டில் இருப்பவர், ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடியில் மழைமானியைக் கட்டிக்கொடுத்ததே நான்தான். விரல்கூட வெட்டிக்கொண்டேன். மனம் பொறுக்காமல் போன் செய்து காரணம் கேட்டேன்.

"கோவிச்சுக்காதப்பா" என்றார். "அங்க எட்டரைக்குப் போட்டா எட்டரைக்கே எல்லாருக்கும் தெரியுது. நடுவுல யாரும் எனக்கு மாத்திரை விக்க வரல. ஏதாவது சரியில்லன்னா யார்கிட்ட சொல்லணும்னு தெரியுது, அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். இங்க யார் கதவைத் தட்டறது? நீயே வாடகைக்குத்தானே இருக்க?"

அவர் சொன்னது தளத்தை. எனக்கு வேறு எங்கேயோ குத்தியது.

பிறகு ஒவ்வொரு வாரமும் நாலு பேர், ஐந்து பேர் என்று போனார்கள். அளப்பவர்கள் போய் வேடிக்கை பார்ப்பவர்கள் மிஞ்சினார்கள். போனவர்கள் அங்கே என்னதான் பேசுகிறார்கள் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. அவர் சர்வர் பழுதாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் உண்டு. ஒரு நாள் ஜோகுபாளையத்தில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்று கேள்விப்பட்டு மத்தியானம் முழுவதும் உற்சாகமாக வேலை பார்த்தேன். அவர் யூ.பி.எஸ். வைத்திருந்தார்.

கடைசியில் பொய்ப் பெயரில் அங்கே சேர்ந்தேன். சேர விரும்புகிறவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எந்த இடத்தில் அளக்கிறீர்கள்? ஈஜிபுரா என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். காக்ஸ் டவுன் என்று எழுதினேன். எனக்குத் தெரு தெருவாகத் தெரிந்த இடம். டீச்சரும் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். வர ஒரு மாதம் ஆகும். அரை மணி நேரத்தில் அனுமதி வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் அறுபது பேர் கூட இல்லை. ஆனால் எட்டரை மணிக்கு என் பழைய குழு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இடம், அளவு, இடம், அளவு. நடுவில் மைசூரிலிருந்து ஒருவர், மெட்ராஸிலிருந்து ஒருவர் தத்தம் சர்வரில் இருந்தபடியே கேள்வி கேட்டார்கள். எல்லா அளவையும் சேர்த்து ஒன்பது மணிக்கு ஜோகுபாளையத்துக்காரர் ஒரு பட்டியல் போட்டார். நான் உருவாக்கிய பழக்கம், நான் போட்ட விதிகள், நான் இல்லாமலே நடந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் ஈஜிபுராவில் பிய்த்துக்கொண்டு பெய்தது. காலையில் குடுவையில் முப்பத்தொரு மில்லிமீட்டர். என் குழுவில் எழுதினேன். அதே கையோடு பொய்ப் பெயரிலும் எழுதினேன்: காக்ஸ் டவுன், முப்பத்தொன்று. இடத்தைப் பொய் சொல்லிவிட்டேன். அளவைப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் ஊகித்து ஒரு எண்ணும் எழுதியதில்லை. குடுவையில் இருந்ததைத்தான் எழுத வந்தது.

ஐந்து நிமிஷத்தில் டீச்சர் கணக்கிலிருந்து ஒரு பதிவு வந்தது: "காக்ஸ் டவுன், சைபர். பக்கத்து வீட்டிலிருந்து பார்த்து எழுதுகிறேன்." ஊருக்குப் போகிறவர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற என் விதியை டீச்சர் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன்.

பிடித்துக்கொண்டார்கள். ஒரே பேட்டை, ஒன்றில் முப்பத்தொன்று, ஒன்றில் சைபர். மைசூர்க்காரர் புனல் அடைப்பாக இருக்கலாம் என்றார். மெட்ராஸ்காரர் புதியவரின் மழைமானி மாடித் தொட்டி வழிகிற இடத்தில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். ஒருவர் படம் எடுத்துப் போடச் சொன்னார். நான் குளியலறையில் போனைப் பிடித்தபடி நின்றேன். ஆபீசுக்கு நேரமாகிறது என்று மனைவி கதவைத் தட்டினாள்.

ஒன்பது மணிக்குப் பட்டியல் வந்தது. காக்ஸ் டவுன், சைபர். ஈஜிபுரா, முப்பத்தொன்று. கீழே ஜோகுபாளையத்துக்காரர் எழுதியிருந்தார்: "புதியவரின் இடத்தை நான்தான் தப்பாகப் பதிந்துவிட்டேன். மன்னிக்கவும். அளவு சரி."

பேச்சு அத்தோடு நின்றது. என் குழுவில் நான் எழுதிய அதே முப்பத்தொன்றைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு நல்லவராக இருக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று எரிச்சலாக வந்தது. அந்தக் கணக்கை அப்புறம் திறக்கவே இல்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை அளவை எழுதப் போனால் என் குழு இல்லை. விதிமுறைகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரே வரி. எந்த விதி என்று சொல்லவில்லை. தினமும் ஒரே நேரத்தில் வெறும் எண்களாகப் போட்டதை இயந்திரம் ஏதோ மோசடி என்று நினைத்திருக்கும் என்பது என் ஊகம். மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அழுத்திய விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை.

ஒன்பது வருஷ மழை போயிற்று. ஆபீசில் எல்லாரிடமும் நகல் எடுத்தாயா என்று கேட்டு உயிரை வாங்குகிற நான், என் அளவுகளை ஒரு நோட்டில்கூட எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் நேராக அங்கேயே எழுதினேன். யாருடைய இடத்திலோ எழுதுகிறேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இரண்டு நாள் அந்த மேல்முறையீட்டுப் பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனைவி, "போய்க் கேளுங்க. அவர்கிட்ட இல்லாம இருக்காது" என்றாள். அவர் என்று யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஜோகுபாளையம் போனேன். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்து அலமாரியில் அந்தச் சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. இதற்குத்தானா இவ்வளவு என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு நீளமான அட்டவணை. ஒரு பத்தியின் தலையில் ஈஜிபுரா. நான் தனியாக எழுதிக்கொண்டிருந்த முதல் வாரத்திலிருந்து எல்லாம் இருந்தன.

"எப்ப சார் எடுத்தீங்க?"

"சேர்ந்த அன்னைக்கே பழசையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டேன். அப்புறம் டெய்லி காலைல எழுதி வச்சிடுவேன் குரு. சும்னே ஒரு பழக்கம்" என்று கன்னடம் கலந்து சொன்னார். பென் டிரைவில் ஏற்றி என் கையில் வைத்தார். "இங்கதான் வரணும்னு இல்ல. உங்க வீட்லயும் ஒரு பெட்டி வச்சுக்கோங்க, நான் வந்து போட்டுத் தர்றேன். உங்களுது உங்களுது, எங்களுது எங்களுது. ரெண்டும் பேசிக்கும், ஆய்த்தா?"

நன்றி என்றேன். வாய் சொன்னது. வயிறு வேறு சொன்னது: என் மழையைக்கூட இவர்தான் என்னைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்த அட்டவணையில் தப்பு தேடினேன். தொழில் ஆயிற்றே. பெருமழை நாள்கள், நான் காய்ச்சலில் கிடந்து மனைவி அளந்த நாள்கள், வரிசையாகச் சைபராகப் போன மாசி மாதங்கள், ஞாபகத்தில் இருந்த ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஒரு தப்பு கிடைத்தால் போதும், நிம்மதியாகத் தூங்குவேன். கிடைக்கவில்லை. கடைசியில் அந்த முப்பத்தொன்றையும் தேடினேன். ஈஜிபுராவில்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு மாடிக்குப் போனேன். ராத்திரி நல்ல மழை, குடுவையில் பன்னிரண்டு. ஜோகுபாளையத்துச் சர்வரில் சொந்தப் பெயரில் எழுதினேன்: ஈஜிபுரா, பன்னிரண்டு. டீச்சர் முதல் ஆளாக ஒரு பூ அனுப்பினார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கண் கலங்கியது, மறைக்கவில்லை. மாடியில் யாரும் இல்லை.

ஒன்பது மணிக்குப் பட்டியல் வந்தது. நேராக ஜோகுபாளையத்தைத்தான் பார்த்தேன். பத்தொன்பது.