டேப்பின் மறுமுனையில் என் மகள்

நான் நில அளவையர். ஒருவருடைய வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புலப்படம் எனும் பழைய நில வரைபடத்தை வைத்து அளந்து, எல்லைக்கல்லைக் காட்டிக் கொடுப்பது என் வேலை. பெரம்பலூர் பக்கம் நாலு வருடம், அதன் பிறகு அரியலூர் பக்கம். அதில் பல வருடங்கள் என் இரண்டு குழந்தைகளும் என்னோடு வயலுக்கு வந்தார்கள். இதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வது ஒரு காலத்தில் என் வழக்கமாக இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

கணவர் லாரி ஓட்டுகிறார். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பப் பத்து நாளாகும். என் அம்மா திருப்பூரில் தம்பி வீட்டில் இருந்தார். அப்போது மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது முடியவில்லை. லெப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர், தான் திரும்பிப் போவதற்குள் அளந்து தரச் சொல்வார். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமைதான் வர முடியும் என்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களாகப் பார்த்து எனக்கு அளவு வரும். ஸ்கூட்டியின் முன்னால் மகன் நிற்பான். பின்னால் மகள், மடியில் டேப்பும் புலப்பட ஃபைலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போகிற ஊரிலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான். "ஆம்பள சர்வேயர் யாரும் இல்லீங்களா?" இரண்டாவது, "புள்ளைங்கள வச்சுக்கிட்டு எப்படிங்க அளப்பீங்க?" நான் புலப்படத்தை விரிப்பேன். தா.பழூர் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் அதே வரப்பில்தான் இருந்தார்கள். என் மகன் அவர்களோடு சேர்ந்து சேற்றில் இறங்கிவிட்டான்.

ஒன்றை மறைக்க முடியாது. ரஞ்சன்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சோளக்காட்டில் நான் குனிந்து கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, மகன் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றின் ஓரத்தில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். கத்தினால் திரும்புவான், கால் வழுக்கும். சத்தமே போடாமல் நடந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்கு அளக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து எந்த நிலத்துக்குப் போனாலும் முதலில் கிணறு எங்கே என்று கேட்டேன், அப்புறம்தான் கல் எங்கே என்று கேட்டேன். ஆனாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். பூட்டிய வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போவதைவிட என் கண் எட்டும் தூரத்தில் இருப்பது மேல் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிரச்சினை வந்தது ஒரு முந்திரித்தோப்பில். தோப்புக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு வண்டிப்பாதையை அடைத்துவிட்டார் என்று பின்னால் நிலம் வைத்திருந்த நாலைந்து பேர் மனு கொடுத்திருந்தார்கள். நான் அளக்கப் போனேன். டேப்பின் மறுமுனையைக் கிராம உதவியாளர் பிடித்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், அந்த ஊர்க்காரர். கடைசி அளவுக்கு முன்னால் அவருக்குக் காலில் முள் குத்தி, ஓரமாக உட்கார்ந்துவிட்டார். இரத்தம் நிற்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு அளவுதான். நான் மகளைக் கூப்பிட்டேன்.

"கல்லு மேல வச்சு அமுக்கிப் புடி. நான் சொல்ற வரைக்கும் விடாத."

"சரிம்மா."

மண்டியிட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். நான் இந்தப் பக்கம் இழுத்து எண்ணைப் படித்தேன். வேலி ஏழடி பாதைக்குள் வந்திருந்தது. தோப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் தோப்புக்காரரிடமிருந்து என் மேல் மனு வந்தது. சர்வேயர் தன் குழந்தைகளை வேலைக்கு அழைத்து வருகிறார், விவரம் தெரியாத சிறுமியை வைத்து அளந்தார், அளவு தவறு, ரத்து செய்ய வேண்டும். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முதல் நாள் மாலை கிராம உதவியாளர் என்னைத் தேடி வந்தார். காலில் இன்னும் கட்டு இருந்தது.

"நான்தான் கடைசி வரைக்கும் புடிச்சேன்னு சொல்லிடறேன்மா. பாப்பா டேப்பத் தொடவே இல்லன்னு நீங்களும் எழுதிக் குடுத்துடுங்க. தோப்புக்காரரு ஒரு ஆளு, நாம ரெண்டு பேரு. முடிஞ்சு போயிடும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அந்த நிமிடம் அது சுலபமாகத்தான் தெரிந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் புடிச்சேனே," என்றாள்.

"ஆமா, புடிச்ச," என்றேன். அவரிடம், "வேணாங்கண்ணே. நடந்ததையே எழுதறேன்," என்றேன்.

விசாரணைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அன்று பள்ளி விடுமுறை. அதிகாரி என்னைவிட வயதில் பெரியவர். கோபக்காரர் இல்லை, களைத்துப்போன மனிதர். வாசலில் நின்ற இருவரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குமாம்மா?"

"வீட்ல யாரும் இல்லீங்க சார்."

"அந்தப் பொண்ணு டேப் புடிச்சது உண்மையா?"

"உண்மைங்க சார். கடைசி ஒரு அளவுக்குப் புடிச்சா."

"ஏழு வயசுப் புள்ளைக்கு என்னம்மா தெரியும்?"

"கல்லு மேல அமுக்கிப் புடிக்கத் தெரியும் சார். யாரு புடிச்சாலும் டேப்புல அதே எண்ணுதான் வரும். சந்தேகம் இருந்தா மறுபடி அளக்கச் சொல்லுங்க. நான் டேப்பத் தொட மாட்டேன்."

மறு அளவுக்கு வேறு வட்டத்திலிருந்து ஒரு மூத்த அளவையர் வந்தார். செயற்கைக்கோளோடு பேசும் புதிய கருவியைக் கொண்டுவந்திருந்தார். தோப்புக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார், இளநீர் வெட்டினார். நான் வெயிலில் தள்ளி நின்றேன். மகன் என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் ஆனது. அவர் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இரண்டு விரல்கடை வித்தியாசம். அவ்வளவுதான். அந்தம்மா அளந்தது சரி," என்றார். அந்த வாரமே வேலியை எடுத்தார்கள். பாதையில் டிராக்டர் போனது.

ஆனாலும் எனக்கு ஒரு தாள் வந்தது. அளவு சரி என்று முதல் பத்தி. இனி பணியிடத்துக்குக் குழந்தைகளை அழைத்து வரக்கூடாது என எச்சரிக்கப்படுகிறார் என்று இரண்டாவது பத்தி. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அதற்குக் கீழே, "விட்டுவிட்டு வர இடம் இல்லை. இருந்தால் விட்டுவிட்டு வருவேன்," என்று எழுதினேன். கிளார்க் படித்துப் பார்த்து, "இத எழுதக்கூடாதுங்க மேடம்," என்றார். "எழுதியாச்சுங்க," என்றேன். அந்தத் தாள் என் பணிப்பதிவில் இன்னும் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை உடையார்பாளையம் பக்கம் ஒரு அளவு. மூன்று பேரும் போனோம். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. போன மாதம் ஒரு நாள் அவளிடம், அந்த நாட்களெல்லாம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஏதாவது பெருமையாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"இருக்கும்மா. எனக்குப் புடிக்கவே புடிக்காது. வெயிலு, முள்ளு, எல்லாரும் நம்மளயே பாப்பாங்க. உங்கிட்ட சொன்னா திட்டுவியோன்னு சொல்லல."

வலித்தது. அது அவளுக்கு உரிய உண்மை, அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

"உனக்குப் புடிக்கும்னு கூட்டிட்டுப் போகலடி," என்றேன். "வேலையும் வேணும், நீங்களும் வேணும்னு கூட்டிட்டுப் போனேன்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அது தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள்.