ஐயாவுக்குக் காட்டாத கடிதம்

அறுபதுகளின் தொடக்கம். குடியேற்றக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் ஸ்கந்தபுரத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மூத்தவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீளமான ஓலைக் கொட்டகை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கரும்பலகைதான் சுவர்.

அந்த மாரியில் அவள் நேரத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை. மற்றப் பிள்ளைகள் வந்து சாப்பிட்டு, வாய்க்காலில் குளித்தும் முடித்திருப்பார்கள். இவள் பொழுது சாயத்தான் வருவாள். கேட்டால், "வாத்தியார் எங்களில நாலு பேரை மறிச்சு வைச்சு விசேஷமாச் சொல்லித்தாறார் அம்மா" என்பாள்.

அந்தக் கதை எனக்குப் புதிதல்ல. நானும் என் அம்மாவுக்கு அதையேதான் சொன்னவள். இரண்டாம் வகுப்பில் பள்ளி விட்ட பிறகு என்னை மறித்து வைத்து மண்ணில் எழுத்துப் பழக்குவார்கள். எழுத்து வராத பிள்ளையைத்தான் மறிப்பது. வெளியே நின்று மற்றப் பெட்டைகள் சிரிப்பார்கள். வாத்தியாருக்கு என்னில் விருப்பம், அதனால் விசேஷமாகச் சொல்லித்தருகிறார் என்று வீட்டில் வந்து சொல்லிவிடுவேன். அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. கலியாணம் பேசும்போது ஐந்தாம் வகுப்பு என்று சொல்லித்தான் என்னைக் கட்டிவைத்தார்கள்.

ஒருநாள் கிணற்றடியில் பக்கத்துக் காணிக்காரி தொடங்கினாள். "என்ன மச்சாள், உங்கட மூத்தவளை வாத்தியார் மறிச்சு வைக்கிறாராம். யாழ்ப்பாணத்து மூளை இஞ்சத்தைத் தண்ணி குடிச்சு ஊறிப்போச்சோ?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "உங்கட பிள்ளையளை மறிக்கிறதெண்டால் கயிறெல்லோ வேணும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் எரிந்தது.

அன்று பின்னேரம் அவள் வந்து படலையைத் திறந்ததும் ஓர் அறை விட்டேன். "எனக்கே பொய் சொல்லுறியோ?"

அவள் அழவில்லை. கொப்பிக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். "ஐயாட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கோணுமாம் அம்மா. வெள்ளிக்கிழமைக்கிடையில குடுக்கோணும். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற சோதினைக்கு."

கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். அச்செழுத்து என்றால் ஒவ்வொன்றாகக் கூட்டுவேன். கையெழுத்து என்றால் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். மகளின் பெயர் மட்டும் பிடிபட்டது. பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தது. கோடு போட்டிருந்தால் அது குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. சோதினைக்கு என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை.

என் கணவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். பயிர் முற்றியிருந்ததால் அவர் வயல் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னேரம் வந்து சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் கிளம்பிவிடுவார். அன்றும் வந்தார், சாப்பிட்டார், போனார். நான் காட்டவில்லை. காட்டினால், நீயே வாசித்துச் சொல்லன் என்பார். அப்படிச் சொல்லாவிட்டாலும், இவளும் தாய் மாதிரித்தான் மறிபட்டு நிற்கிறாள் என்று ஒருநாள் தெரிந்துவிடும். கடிதத்தைப் பெட்டியில் கூறைச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

வியாழக்கிழமை அவள் கேட்டாள். "ஐயா என்னவாம் அம்மா?"

"வேண்டாமாம். நெல்லு அரிவு வெட்டு வருகுது, வீட்டில ஆள் வேணுமாம்."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் தகப்பன் மறுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அடுத்த கிழமையிலிருந்து அவள் மற்றவர்களோடு நேரத்துக்கே வீட்டுக்கு வந்தாள். ஐயாவின் சைக்கிள் மணி கேட்டால் படலைக்கு ஓடுகிறவள், அதற்குப் பிறகு ஓடவில்லை.

"என்ன, பெட்டை என்னோட கதைக்கிறாளில்லை?" என்று அவர் கேட்டார்.

"வளருறாளெல்லோ" என்றேன்.

வெட்டின நெல்லைச் சூடாகக் குவித்து வைத்திருந்து, சில மாதம் கழித்து மாடு விட்டு மிதிக்கிற நாளில் வாத்தியார் களத்துக்கே வந்தார். சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு, என் கணவரைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் மறிச்சு வைச்ச நாலும் கெட்டிக்காரப் பிள்ளையள். மற்ற மூண்டு பேரும் புலமைப்பரிசில் சோதினை எழுதினவை. ரெண்டு பேர் பாஸ். இனி விடுதியில நிண்டு பெரிய பள்ளிக்கூடத்தில படிக்கலாம், எல்லாம் அரசாங்கச் செலவு. உங்கட பிள்ளை அவையளை விட ஒரு படி மேலை. நீங்கள் வேண்டாமெண்டிட்டியள் எண்டு வந்து சொன்னாள். அரிவு வெட்டு வருஷா வருஷம் வரும் அண்ணை. இந்தச் சோதினை ஒருக்காத்தான்."

மகள் வைக்கோலை அள்ளியபடி அங்கேதான் நின்றாள். என் கையில் சுளகு அப்படியே நின்றுவிட்டது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நல்லது. அவர் ஏதோ கணக்குச் சரிவந்தது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு, "ஓம் மாஸ்டர், நான்தான் வேண்டாமெண்டனான். பிழை விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு மாடுகளைத் திரும்ப ஓட்டத் தொடங்கினார்.

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். களத்தில் அயலவர்களும் நின்றார்கள். பக்கத்துக் காணிக்காரியும் நின்றாள். கண்ணில் தூசி விழுந்தது மாதிரிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வீட்டுக்கு வந்ததும், "எங்கை கடிதம்?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்தார். "பத்திரமா வை" என்றார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு வாசிக்க வராது என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு சொல் கேட்டதில்லை.

மகள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வயலுக்கு வந்தாள். தம்பிமாருக்கு அவள்தான் பாடம் சொல்லிக்கொடுப்பாள். கீரை ஆய்கிற சாட்டில் நானும் பக்கத்தில் இருந்து அவள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்து வாசிக்கப் பழகினேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் அந்தக் கடிதத்தை எடுத்துக் கூட்டி வாசித்தேன். முடிக்க மதியம் திரும்பிவிட்டது. இப்படி ஒரு பிள்ளை இதுவரை தன் வகுப்பில் இருந்ததில்லை என்று வாத்தியார் எழுதியிருந்தார். கோடு போட்டிருந்தது அதற்காகத்தான்.

போரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது கடிதம் பெட்டியோடு போய்விட்டது. என் கணவரும் போய் வெகு காலம். அவர் இருந்தவரை மகள் தன் பிள்ளைகளுக்குப் பகிடியாகச் சொல்லுவாள். "நெல்லு வெட்ட ஆளில்லையெண்டு என்னைப் படிக்க விடாத மனிசன் உங்கட அம்மப்பா." அவரும் சிரித்துக்கொண்டு, "ஓமடி, அந்த வருஷம் நெல்லு நல்லா விளைஞ்சதெல்லோ" என்பார். நான் குசினிக்குள் போய்விடுவேன்.

நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை என் மகள்தான் வாங்குவாள். முதலில் தான் வாசித்துவிட்டுப் பிறகுதான் எனக்குத் தருவாள். வாசிக்கத் தெரியாது என்று அன்றைக்கு அவரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வெட்கப்பட்டவள் இன்று இத்தனை சொல் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை, ஐயா வேண்டாமென்று சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவேயில்லை.