குவைத்தில் ஐஸ் மழைக்குக் காத்திருந்த வாரம்

அந்த ஜனவரியில் குவைத்தில் ஐஸ் மழை பெய்யப்போகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் குழந்தைகள் வார்டில் தரை துடைக்கும் பங்களாதேஷ்காரர். கையிலிருந்த மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, “சிஸ்டர், பர்ஃப் ஆயேகா” என்றார். நான் சிரித்தேன். மதிய டீ நேரத்துக்குள் எகிப்து டாக்டரும் அதையே சொன்னார். மறுநாள் பேப்பரிலும் வந்துவிட்டது. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது, பாலைவனத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போகும், ஜஹ்ரா தாண்டிய மேட்டு நிலத்தில் பனி விழவும் வாய்ப்பு உண்டு என்று போட்டிருந்தார்கள்.

வார்டில் எல்லோருக்கும் குதூகலம். எனக்கு மட்டும் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. என் பாஸ்போர்ட்டில் அயர்லாந்து விசா ஒட்டி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பிப்ரவரி கடைசியில் பயணம். இந்த விஷயம் என் ராஜினாமாவை வாங்கிய ஹெட் நர்ஸுக்குத் தெரியும், ஊரில் அம்மாவுக்குத் தெரியும், மங்காஃபில் என்னோடு ஃபிளாட்டில் தங்கியிருந்த திருச்சிக்கார நர்ஸுக்குத் தெரியும். பத்து நிமிஷ பஸ் தூரத்தில் ஃபஹாஹீல் படகுத்துறையில் இருந்த என் அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணன் எனக்கு முன்பே குவைத்துக்கு வந்தவன். குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரையிலிருந்து வந்த மற்றவர்களைப் போல விசா கொடுத்த குவைத்தி முதலாளியான ஒரு கஃபீலின் லாஞ்சில் மீன்பிடி வேலை. கரையில் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து என் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வருவான். மீன் கொண்டுவருவான். அதைத் தானே கழுவி வெட்டிக் கொடுத்துவிட்டு, குழம்பு சரியில்லை என்பான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமையில் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் அவன் ஊரில் தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழாவுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து லீவு எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு, ஆஸ்துமா. குவைத்துக்கு வந்தபின் குறைந்துவிட்டதே தவிர, குளிர்காலத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அயர்லாந்து என்றால் அண்ணன் முதலில் அதைத்தான் கேட்பான்.  வேலை வாங்கித் தந்த ஏஜென்சியின் பெண்ணிடம் கேட்டபோது, “அங்கே எல்லா வீட்டிலும் ஹீட்டர் இருக்கிறது” என்று மட்டும் சொன்னாள்.

குளிர் வரும் என்று சொன்ன நாளிலேயே வந்தது. காலையில் குழாய்த் தண்ணீர் கையை வெட்டியது. கட்டிடத்து வாட்ச்மேன் இரண்டு ஜிப்பாவுக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் கடைகளில் கூட்டம் நெரித்தது. அன்று எனக்கு மாலை டியூட்டி. காலையில் அயர்லாந்துக்காக வாங்கிவைத்திருந்த கனத்த ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். பிறகு அதைப் போடாமல் வெறும் சுடிதாரோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவே வடக்குப் பார்த்து நின்றுகொண்டேன். காற்று ஊசி மாதிரி குத்தியது. வாயைத் திறந்து வேண்டுமென்றே மூச்சை இழுத்தேன். இழுப்பு வரட்டும், வந்தால் விசாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மனம். வரக்கூடாது மாதாவே என்று இன்னொரு மனம்.

திருச்சிக்காரி துணி எடுக்க மேலே வந்தவள் கத்தினாள்.

“ஏய், லூசாடி நீ? என்ன பண்ற இங்க?”

“டெஸ்ட் பண்றேன்.”

“என்னத்த டெஸ்ட்? நிமோனியாவுக்கா? கீழ எறங்குடி மொதல்ல.”

இழுப்பு வரவில்லை. தும்மல்தான் வந்தது. ஆனால் இது போதாது, இது வெறும் குளிர்தானே, ஐஸ் விழுந்தால் அல்லவா தெரியும் என்று மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது. திருச்சிக்காரியும் அவள் ஆஸ்பத்திரி ஆட்களும் வெள்ளிக்கிழமை விடியற்காலை வேன் பிடித்து, வடக்கே முத்லா மேட்டுக்கு ஐஸ் பார்க்கப் போவதாக இருந்தார்கள். அவள் புது டிஜிட்டல் கேமராவே வாங்கிவிட்டாள். எனக்கும் ஒரு சீட் சொல்லச் சொன்னேன்.

புதன்கிழமை பேப்பரில் இன்னொரு செய்தி வந்தது. முந்தைய நாள் அதைப் படித்திருந்தால் மாடியில் நின்று விளையாடியிருக்க மாட்டேன். கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகுகள் போக வேண்டாம் என்றிருந்தது. உடனே அண்ணனுக்கு அடித்தேன். போன் அணைந்திருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதாகச் சொன்னது நினைவிருந்தது. எப்போது திரும்புவான் என்று நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை.

அன்று முழுக்க டியூட்டியில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு குழந்தைக்கு டிரிப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி போய் அதையே பார்த்தேன். குழந்தையின் தாய், குவைத்தி, என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். என் அரைகுறை அரபியில் அண்ணன், கடல், போன் மாஃபி, போன் இல்லை என்றேன். அவள் என் தலையில் கைவைத்து ஏதோ துவா சொல்லி வேண்டினாள். பக்கத்துக் கட்டில் குழந்தையின் தாய் வந்து, பனி பெய்தால் பிள்ளைகளை வெளியே காட்டலாமா என்று கேட்டாள். எல்லோருக்கும் அந்த ஒரே பேச்சு. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சலாக வந்தது.

வியாழன் காலை டியூட்டி. முடிந்ததும் யூனிஃபார்மோடு, மேலே அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஃபஹாஹீலுக்குப் பஸ் ஏறினேன். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் லாஞ்சுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடந்தன. பழைய எண்ணெய் டின்னில் பலகைத் துண்டுகளைப் போட்டுத் தீ மூட்டி, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து முகங்கள். அதில் தலை நரைத்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ அவனுக்க தங்கச்சில்லா? நர்சு?”

“ஆமா. எனக்க அண்ணன் எங்க?”

அவர் தீயைப் பார்த்தார். “மத்த லாஞ்செல்லாம் நேத்தே வந்தாச்சு மக்களே. அவங்களுக்க லாஞ்சு மட்டும் இன்னும் கேறல்ல. வந்துருவாங்க. பயப்படாண்டாம். இஞ்ச வந்து தீ காயி.”

பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னவிதம்தான் என்னைப் பயமுறுத்தியது. தீ பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. துறையின் ஓரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். கடல் சாம்பல் நிறத்தில் ஏறி ஏறி இறங்கியது. கோஸ்ட் கார்டுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அவரிடம் கேட்டேன். கஃபீல் சொல்லிவிட்டார் என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டேன். அவர் பொறுமையாக மறுபடியும் அதையே சொன்னார். ஜெபமாலையைப் பையிலிருந்து எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எங்கே விட்டேன் என்று மறந்துபோனது.

பொழுது சாயத் தொடங்கியபோது ஒருவன் கத்தினான். துறைவாசலில் ஒரு லாஞ்சு மூக்கை நீட்டியது. பக்கப் பலகை ஒன்று பிய்ந்து தொங்கியது. முன்முனையான அணியத்தில் தலையோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு கயிறும் கையுமாக நின்றவன் என் அண்ணன்.

கயிற்றை அவன் வீசியபோது அது கரைக்கு எட்டவில்லை. இரண்டாவது தடவையும் எட்டவில்லை. பிறகு வேறொருவன் வாங்கி வீசினான். இறங்கி வந்தவனுக்கு டீயை நீட்டினார்கள். கண்ணாடி டம்ளரைச் சுற்றி அவன் விரல்கள் மடங்கவில்லை. நான் டம்ளரை வாங்கி அவன் வாயில் வைத்தேன்.

“நீ என்னட்டி இஞ்ச நிக்க?”

“போன் என்ன ஆச்சு?”

“கடல்ல போச்சு. ஒரு தண்ணி ஏறி அடிச்சுது பாரு, போனும் போச்சு, வலையும் போச்சு. எஞ்சினும் நின்னு போச்சு. ஒரு தீவுக்க மறைவுல நங்கூரம் போட்டுக் கெடந்தோம். ஐஸ்பெட்டிக்குள்ள கெடந்தது மாதிரி இருந்து.”

அவனை ஈரச் சட்டையை மாற்றவைத்து, என் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டேன். அவன் கைகளை என் கழுத்தில் கிடந்த சால்வைக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அப்புறம்தான் அவன் அந்த ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தான்.

“இது என்னட்டி இவ்வளவு கனம்? இந்த ஊருக்க குளிருக்கா இத வாங்கின? நாலு நாள் குளிரு. அதுக்கா?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அன்று மதியத்திலிருந்து துறையில் நடந்து நடந்து என்னிடம் சமாளிப்பதற்குத் தெம்பு மிச்சமில்லை.

“அயர்லாந்துக்கு வாங்குனது. எனக்கு அங்க வேலை கெடச்சாச்சு. அடுத்த மாசம் போறேன்.”

அவன் ஒரு பலகைத் துண்டைத் தீயில் போட்டான்.

“அம்மைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“செரி. அப்பம் எனக்குத்தான் தெரியாது.”

ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மீன்பெட்டி இறக்கப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். நரைத்த தலைக்காரர் என்னைப் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு அண்ணன் என் முன்னால் வந்து நின்றான். கோபமாகத்தான் பேசினான்.

“இழுப்பும் வச்சுக்கிட்டு ஐஸ் பெய்யிற ஊருக்கா போற? அங்கன ராத்திரி மூச்சு முட்டினா ஆரு இருக்கா ஒனக்கு?”

“நான் ஆஸ்பத்திரியிலதானே இருப்பேன்.”

“ரூமுல கெடக்கும்போ?”

நாளைக் காலை முத்லாவுக்கு ஐஸ் பார்க்கப் போகிறோம் என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைத்தான்.

“வண்டியில எடம் இருக்கா? நானும் வாறேன். இழுக்குதா இல்லியான்னு எனக்குப் பாக்கணும்.”

விடிவதற்குள் வேன் ஜஹ்ராவைத் தாண்டிவிட்டது. திருச்சிக்காரியும் அவள் கூட்டமும் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் பின்சீட்டில் யாரோ கொடுத்த கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.  முத்லா மேட்டில் எங்களுக்கு முன்பே ஏகப்பட்ட கார்கள் நின்றன. குவைத்திக் குடும்பங்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் கையுறையோடு வந்திருந்தார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேகம் திரண்டு வந்தது. கலைந்தது. மறுபடி திரண்டது. ஒவ்வொரு முறையும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நாலு சொட்டு மழை விழுந்தது. திருச்சிக்காரி அதையும் போட்டோ எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன் எங்கேயோ நடந்து போயிருந்தான். தூரத்தில் ஒரு ஆட்டுப்பட்டியில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். அங்கிருந்த சூடான்காரரிடம் அவன், “பர்ஃப், பர்ஃப்” என்று மேலே காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். “மாஃபி” என்று அவர் தலையாட்டினார். பிறகு ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியைக் காட்டினார். தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டியிருந்தது. அண்ணன் முழங்கையால் அதை இடித்து உடைத்து, தட்டு அளவுக்கு ஒரு துண்டை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தான்.

“பிடி.”

பிடித்தேன். முதலில் சுட்டது. பிறகு வலித்தது. பிறகு விரல் இருப்பதே தெரியவில்லை. வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது.

“இன்னும் பிடி. ஆழமா மூச்சு எடு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் என்னைத் திருப்பி நிறுத்தி, என் முதுகில் காதை வைத்தான். சின்ன வயதில் அம்மா வைத்துப் பார்ப்பதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். சூடான்காரர் எங்களை வினோதமாகப் பார்த்தார். ஆடுகளும் பார்த்தன. அண்ணன் நிதானமாக இடப்பக்கம் கேட்டான், வலப்பக்கம் கேட்டான்.

“விசில் சத்தம் இல்ல” என்றான்.

“இல்லைல்லா?”

“இல்ல. கீழ போடு அத.”

திரும்பி வரும்போது ஜஹ்ராவில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினோம். அவன் மட்டும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வானம் முழுசாகத் தெளிந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் ஒரு துளி ஐஸ் விழவில்லையே என்று திருச்சிக்காரி வழியெல்லாம் புலம்பினாள். மங்காஃபில் நான் இறங்கும்போது சாப்பிட வருமாறு அண்ணனைக் கூப்பிட்டேன். வலை பின்ன வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டான்.

அதன்பிறகு ஒரு வாரம் அவனிடமிருந்து ஒன்றுமில்லை. குளிர் விட்டது. மாடியில் துணிகள் சீக்கிரம் காய ஆரம்பித்தன. நான் பெட்டி அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். ராஜினாமாவைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா என்று ஹெட் நர்ஸிடம் ஒரு நாள் கேட்கக்கூடப் போனேன். அவர் மீட்டிங்கில் இருந்ததால் திரும்பி வந்தேன். அடுத்த வியாழக்கிழமை தெரியாத ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் எஞ்சின் சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டன.

“ஏட்டி, நான்தான். புது போன். நம்பரக் குறிச்சு வையி.”

“சரி.”

“ஒனக்கு எந்த நாளு ஃபிளைட்டு? எத்தன மணிக்கு?”

சொன்னேன். அவன் அதை உரக்கத் திரும்பச் சொன்னான். பக்கத்தில் யாரிடமோ சொல்லிக் காட்டுவதுபோல இருந்தது.

“அது என்னத்துக்கு இப்பமே?” என்று கேட்டேன்.

“லாஞ்சுல சொல்லி வைக்காண்டாமா? அந்த வாரம் நான் கடலுக்கு வரமாட்டேன்னு” என்றான்.