வெள்ளவத்தை முன்னறையில் வரிக்குதிரை மீன்கள்

2006 கார்த்திகை. போர் மறுபடி மூண்டிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், பெரிய வீடொன்றோடு ஒட்டிய இரண்டு அறை அனெக்ஸில் குடியிருந்தோம். எங்கள் மூத்தவன் இதயத்தில் ஓட்டையோடு பிறந்து, சத்திரசிகிச்சையால் தப்பியவன். அவனைப் பார்க்க வந்தவர்கள், என் அம்மா உட்பட, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது எந்தப் பக்கத்து வருத்தம்? தாய் வழி நோயோ, தேப்பன் வழி நோயோ?" மனைவி அதைத் தன் பக்கத்துக் குறையென்றே எடுத்துக்கொண்டாள். இப்போது மறுபடி அவளுக்கு ஐந்து மாதம். வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை ஸ்கான் செய்யச் சொல்லி வைத்தியர் வற்புறுத்தியும் போக மறுத்தாள்.

அவ்வேளையில் அவளுடைய தங்கை, என் மச்சாள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தாள். அங்கே வரிக்குதிரை மீன்களின் இதயத்தை ஆராய்பவள். இதயம் உருவாவதை அக்காவுக்குக் காட்டவென்று, பிரதான சாலையான காலி வீதிக் கடையொன்றில் அந்த மீன்கள் சிலவற்றை வாங்கி முன்னறைத் தொட்டியில் விட்டாள். முட்டைகள் இடுக்கில் விழுந்து மறைய, அடியில் கண்ணாடிக் குண்டு மாபிள்களைப் பரப்பினாள். இல்லாவிட்டால் மீன்கள் தாம் இட்ட முட்டைகளைத் தாமே தின்றுவிடுமாம்.

ஒரு கிழமையாகியும் முட்டை இல்லை. ஆமிக்காரர் சுற்றிவளைத்து வீடு சோதிக்க வந்தால் உடனே கதவு திறக்கவேண்டுமென்று முன்னறை விளக்கை விடியும்வரை எரியவிடுவது எங்கள் வழக்கம். மச்சாள் அதைக் கண்டு தலையில் கைவைத்தாள்.

"அத்தான், இருட்டி விடிஞ்சால்தான் இதுகள் முட்டை போடும். ஆமிக்குப் போட்ட லைட்டில மீனுக்கு எங்க விடியிறது?"

அன்றிரவு தொட்டியைப் போர்வையால் மூடினோம். காலையில் போர்வையை எடுத்த சிறிது நேரத்தில் மாபிள்களிடையே முட்டைகள் கிடந்தன.

இரண்டு நாள் கழித்து, இரவல் நுணுக்குக்காட்டியில் மனைவி கண்ணை வைத்தாள். முட்டைக்குள் சுருண்டிருந்த குஞ்சின் கண்ணாடிபோன்ற உடலுக்குள் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"எத்தினை அறை?"

"மீனுக்கு ரெண்டுதான் அக்கா."

"எங்கட அனெக்ஸ் மாதிரி," என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "ஓட்டை எங்கயிருந்து வருது?" என்றாள்.

"இதயத்தைக் கட்டுற மரபணு மீன்ர செட்டையிலயும் இருக்கு, கண்ணிலயும் இருக்கு. எங்க, எப்ப வேலை செய்யிறதெண்டு சொல்லுறது தள்ளியிருக்கிற வேற டிஎன்ஏ துண்டுகள். பல்ப் மேல் மாடியில, சுவிட்ச் கீழ எண்ட மாதிரி. சில ஓட்டையளுக்கு அந்தச் சுவிட்சும் காரணமாயிருக்கலாம். கனக்கச் சுவிட்ச் எங்க இருக்கெண்டு எங்களுக்கே தெரியாது. உன்ர மாமிக்கு மட்டும் பக்கம் எப்பிடித் தெரிஞ்சது?"

"அப்ப இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் இராதோ?"

"அப்பிடிச் சொல்லேலாது. உன்ர பிழையில்லை எண்டுதான் சொல்லுறன்."

அடுத்த திங்கட்கிழமை, நான் சவரம் செய்து முடிப்பதற்குள் மனைவி கிளினிக் அட்டையோடு வாசலில் நின்றாள்.

ஓட்டை இல்லையென்றார் வைத்தியர். திரும்பும் வழியில், பஸ் ஜன்னலோரம் இருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஓட்டை இருந்திருந்தாலும் உங்கட அம்மாவுக்கு நானே போன் எடுத்துச் சொல்லியிருப்பன்."