ஏலத்தில் திரும்பி வந்த பூட்ஸ்

இன்னொருவருடைய கால்களை நான் ஆண்டவருக்குப் பொருத்தனையாக நேர்ந்துகொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் ரக்பி வீரர். அதுதான் அவருக்குத் தொழில். களக்காட்டில் கபடி விளையாடிக்கொண்டிருந்தவர். பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு பயிற்சியாளர் அவர் கையில் முட்டை வடிவப் பந்தைக் கொடுத்தார். அப்படியே சென்னை, இந்திய அணியின் முகாம், பிறகு இலங்கையில் ஒரு கிளப்பில் ஒப்பந்தம் என்று போய்விட்டார். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"பந்து விளையாடுதேன் மாமா."

"அது சரி மாப்பிள, வேலை என்ன பாக்கிய?"

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு சீசன் கண்டியில் இருந்தோம். மலைச்சரிவில் ஒரு மாடி வீடு. எந்நேரமும் மழை. அவர் ஸ்க்ரமில் முன்வரிசைக்காரர். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவதைத்தான் ஸ்க்ரம் என்பார்கள். அதில் காது நசுங்கி வீங்கிவிடும். ஆகவே ஆட்ட நாள் காலையில் அவர் தரையில் உட்காருவார். நான் அவர் காதுகளை அழுத்தித் தலையைச் சுற்றி டேப் சுற்றுவேன்.

"இறுக்குதா?"

"இறுக்கட்டும் ஏட்டி. டீம்ல ஒருத்தன் சுத்துவான், பாதி ஆட்டத்துல வால் மாதிரி தொங்கும்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நிற்பேன். ஜெபித்தேனா, பயந்துகொண்டிருந்தேனா, தெரியாது. மாலையில் சேறு அப்பிய ஜெர்சியை மூன்று தண்ணீர் மாற்றி அலசுவேன். அன்று அலுத்துக்கொண்டேன். இன்று அந்த வாளியும் அந்தச் சேற்று வாசனையும் நினைவுக்கு வந்தால் மனது கரைகிறது. எவ்வளவு நல்ல நாட்கள்!

பிரசவத்துக்கு நான் பாளையங்கோட்டைக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். அவருக்கு ராசியான ஒரு ஜோடி பூட்ஸில் தையல் விட்டிருந்தது. "நம்மூர்ல நல்லாத் தைப்பாவ" என்று அதை என் பெட்டியில் வைத்து அனுப்பினார்.

மகள் பிறந்து நாற்பத்தோராம் நாள், ஒரு சனிக்கிழமை. அவளை மடியில் போட்டுக்கொண்டு செல்போனில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரம் சரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவருடன் விளையாடும் கண்டித் தம்பி ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "அக்கா, அண்ணனுக்கு நினைவு இருக்கு. நல்லாப் பேசுறார். கழுத்துலதான் அடி. கை கால் மட்டும் அசையல்ல."

கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நான் எப்படிப் போவேன்? அவருடைய அண்ணன்தான் மறுநாள் விமானத்தில் போனார். நான் அந்த பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "ஆண்டவரே, அவர் எழுந்து நடக்கட்டும். இந்த பூட்ஸை அறுப்பின் பண்டிகையில் உமக்குப் படைத்துவிடுகிறேன். இனி அவர் விளையாட மாட்டார்."

நான்கு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பால் கூடச் சரியாகச் சுரக்கவில்லை. நான் விசுவாசம் இல்லாமல் கேட்டேனோ என்றுகூட நினைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவருடைய அண்ணன் வீடியோவில் அழைத்தார். போர்வைக்கு மேல் என் கணவரின் வலது கைக் கட்டைவிரல். அது அசைந்தது. "பாத்தியாட்டி? பிள்ளைய எங்க, அவளுக்கும் காட்டு" என்றார். தண்டுவடம் அறுபடவில்லை, அதிர்ச்சிதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மூன்றாம் மாதம் அவர் தன் காலாலேயே எங்கள் வீட்டுப் படி ஏறி வந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்திருந்த இடத்தில் பூட்ஸைப் பைய வைத்துவிட்டு வந்தேன். படைத்த பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் அந்த நேரத்தில் அதை யோசிக்கவே இல்லை.

ஏலம் விட்ட அண்ணாச்சி பூட்ஸைத் தூக்கிப் பிடித்தார். "ஏ, இது யாருது வே? அடியில குமிழ் குமிழா இருக்கு! வரப்புல வழுக்காது, கேளுங்கலே!"

எல்லாரும் சிரித்தார்கள். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற என் கணவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி ஏலம் கேட்டார். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. கொடுத்த வீட்டாரே தங்கள் பொருளை ஏலத்தில் எடுப்பது எங்கள் சபையில் புதிதல்ல.

வீட்டுக்கு வரும் வழியில், "நன்றிக் காணிக்கையாட்டி? எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா" என்றார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "ஆண்டவரே எனக்குத் திருப்பித் தந்துட்டாரு பாத்தியா!" என்றார். அவர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். இனி அவர் விளையாடமாட்டார் என்று வாக்குக் கொடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஸ்கேன் பார்த்த இரண்டு மருத்துவர்களும் அவர் விளையாடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிளப்பிலிருந்து ஒரு சீசனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ என்ன சொல்லுத?" என்று தினமும் கேட்கிறார்.

நான் மாறியிருக்கிறேன். பேரம் பேசி ஜெபிப்பதை விட்டுவிட்டேன். கட்டைவிரலை அசைத்தவர் என் வாக்குறுதிக்காகவா அசைத்தார்? அதற்கு முன்பே அவருக்கு எங்கள் மேல் இரக்கம் இருந்தது என்று இப்போது நம்புகிறேன். கைவிடப்பட்டோம் என்று நினைக்கிறவர்களே, அவரிடம் வெறுங்கையோடு போங்கள். தள்ளமாட்டார்.

என் கணவரிடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் எப்போது? இப்போது சொன்னால் தேவபயத்தால் போகமாட்டார், காலமெல்லாம் அந்த ஏக்கம் அவரைத் தின்னும். அவர் சம்மதம் எழுதி அனுப்பிய பிறகு சொன்னால், நான் மறைத்ததையும் சுமந்துகொண்டு ஸ்க்ரமில் குனிய வேண்டியிருக்கும். என்னைவிட அனுபவமுள்ள சகோதரிகளே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் இப்போதே சொல்வீர்களா, பிறகு சொல்வீர்களா? மாதம் முடிவதற்குள் தயவுசெய்து எழுதுங்கள்.